சுங்கத்தில் நின்ற பானை ஓடுகள்: ஒரு தொல்லியல் கல்வி மாநாட்டு அனுபவம்

பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நான், சனிக்கிழமைதோறும் மாணவர்களுக்காக ஒரு தொல்லியல் மன்றத்தை 7 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு, தொல்லியல் கல்வியையும் பொதுமக்களிடம் தொல்லியலைக் கொண்டுசெல்வதையும் பற்றிய ஒரு பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. எனக்குத் தெரிந்தவர்களில் இத்தகைய மாநாட்டுக்குச் சென்றவர் எவரும் இல்லாததால், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தனியாகவே செய்தேன். இரண்டரை மாதச் சம்பளமும் ஆறு மாத மாலைப்பொழுதுகளும் செலவாயின. நான் கொண்டுசென்ற கற்பித்தல் பொருள்கள் மாநாடு முடியும் வரை சுங்கக் கிடங்கில் கிடந்தன. அரங்கில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு உண்மையான விடையைச் சொல்லும் துணிவும் அப்போது எனக்கு இருக்கவில்லை. இனிமேல் இப்படிப் புறப்படப்போகும் ஓர் ஆசிரியருக்கோ அருங்காட்சியக ஊழியருக்கோ பயன்படட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் இழப்பு, புறப்படுவதற்கு முன்பே நேர்ந்தது. 250 சொற்களில் ஆய்வுச் சுருக்கம் அனுப்பியிருந்தேன். அது ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோரிடமும் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கட்டணத்தைப் பற்றி அன்றைக்குத்தான் முழுமையாகப் படித்தேன். கட்டுரை வாசிப்பவர்களும் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கு மேல் அந்த அமைப்பின் ஓராண்டு உறுப்பினராகவும் சேர வேண்டும். பயண நல்கைக்கான விண்ணப்பம், ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கடைசி நாளிலேயே முடிந்துவிட்டிருந்தது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் உதவி கேட்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். விசாவுக்குத் தேவையான அழைப்புக் கடிதமோ கட்டணம் செலுத்திய பிறகே வரும். விசா மறுக்கப்பட்டால் கட்டணத்தில் பாதிதான் திரும்பக் கிடைக்கும். ஆகவே சுருக்கம் அனுப்புவதற்கு முன்பே நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: உறுப்பினர் கட்டணம் தனியா, நல்கைக்குக் கடைசி நாள் எது, அழைப்புக் கடிதம் எப்போது தருவார்கள், வர முடியாமல் போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள். ஒரே ஒரு மின்னஞ்சலில் கேட்டு முடித்திருக்கக்கூடிய இவற்றை நான் கேட்காததால் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகச் செலவாயிற்று.

இனி, பானை ஓடுகளுக்கு வருகிறேன். எங்கள் மன்றத்தில் மிக நன்றாக நடக்கும் பாடம் ஒன்று உண்டு. மூன்று தட்டுகளில் பானை ஓடுகளை வைப்போம். முதல் தட்டில் அடிப்புறம் கரி படிந்த ஓடுகள், எலும்புத் துண்டுகள், சாம்பல். இரண்டாவதில் அதே வகை ஓடுகளோடு மணிகளும் ஒரு சிறு கிண்ணமும். மூன்றாவதில் வளைந்து உருக்குலைந்து அரைகுறையாக வெந்த ஓடுகள். முதலாவது அடுப்படி, இரண்டாவது ஈமக்குழி, மூன்றாவது சூளையின் கழிவு என்று மாணவர்களே பேசிப்பேசி முடிவுக்கு வருவார்கள். பிறகு மூன்று தட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டு, "இப்போது சொல்லுங்கள்" என்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். ஓடு அதே ஓடுதான். எந்த மண்ணடுக்கில், எதன் அருகில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் அது பேசுவதை நிறுத்திவிடுகிறது என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு விரைவாகப் புரியவைத்ததில்லை. மாநாட்டில் இதைச் செய்துகாட்ட வேண்டும் என்பதே என் ஆசை.

அதற்காக 23 ஓடுகளை நானே செய்தேன். புதுப் பானைகளை உடைத்து, புகையில் காட்டி, சிலவற்றில் கீறல் குறியீடுகள் இட்டு, தேயிலை நீரில் ஊறவைத்து, இரண்டு மாதம் மண்ணுக்குள் புதைத்து எடுத்தேன். மண் ஒட்டியிருந்தால்தான் உண்மையாக இருக்கும் என்று கழுவாமல் விட்டேன். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டு எண் எழுதி, பருத்தித் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். ஓர் அகழாய்வுக் கிடங்கிலிருந்து எடுத்துவந்தது போலவே அது இருந்தது. அந்த நேர்த்திக்காக அப்போது பெருமைப்பட்டேன்.

இறங்கிய விமான நிலையத்தில் பெட்டி ஊடுகதிர்ச் சோதனைக்குள் போனதும் என்னைத் தனியே அழைத்தார்கள். உறைகளைத் திறந்து பார்த்த அதிகாரி முதலில் கேட்டது, "இவை எங்கே கிடைத்தவை?" என்பதுதான். ஏழு ஆண்டுகளாக மாணவர்களை நான் கேட்கச் சொல்லிப் பழக்கிய அதே கேள்வி. "எங்கேயும் கிடைக்கவில்லை, நானே செய்தவை" என்றேன். அதற்குச் சான்று என்ன என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. பள்ளிக் கடிதம் இல்லை; செய்தபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை; மாநாட்டு அழைப்பில் என் பெயரும் கட்டுரைத் தலைப்பும் இருந்தனவே தவிர, இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓடுகளின் மேல் எண், உறையின் மேல் எண், ஒட்டிய மண். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். நோய்க்கிருமிகளும் பூச்சிகளும் வரும் என்பதால் பல நாடுகள் அனுமதியின்றி மண்ணை உள்ளே விடுவதில்லை என்பதும் அந்த மேசையின் முன்னால்தான் எனக்குத் தெரியவந்தது. ஆக, ஒரு பெட்டிக்கு இரண்டு குற்றச்சாட்டுகள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, வல்லுநர் ஒருவர் பார்வையிடும் வரை பெட்டி தடுத்துவைக்கப்படுகிறது என்று ஒரு சீட்டைத் தந்து என்னை அனுப்பினார்கள். பேருந்தில் அமர்ந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. தொல்பொருள் கடத்துபவர் என்று ஐயப்படப்பட்டேன் என்ற எண்ணம், பொருளை இழந்ததைவிட அதிகமாக வருத்தியது.

அந்த அதிகாரிமேல் எனக்கு இன்று எந்த வருத்தமும் இல்லை. தொல்பொருள்கள் சட்டத்துக்குப் புறம்பாக நாடுவிட்டு நாடு போவதைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் கொண்டுவந்த உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, ஏற்றுமதிச் சான்றிதழ் இல்லாமல் பண்பாட்டுப் பொருள் எதுவும் வெளியேறக் கூடாது என்கிறது. அதே உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு, திருட்டு அகழ்வும் கள்ள ஏற்றுமதியும் மரபுச் செல்வத்துக்கு விளைவிக்கும் கேட்டைக் கல்வியின் வழியே மக்கள் மனத்தில் பதியவைக்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. 10ஆம் பிரிவின் வேலையைச் செய்யப் போன நான் 6ஆம் பிரிவை எண்ணிப் பார்க்கவே இல்லை.

கற்பித்தலுக்காக நகல்களை எடுத்துச் செல்பவர்கள் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். சுடுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் உட்புறத்திலும் 'நகல்' என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் அழியாதபடி பொறித்துவிடுங்கள். சுட்ட பிறகு மையால் எழுதினால் அது பின்னர் சேர்த்ததாகத் தோன்றும். செய்யும்போது படிப்படியாகப் படம் எடுங்கள். எத்தனை துண்டுகள், எதனால் ஆனவை, விற்பனைக்கு அல்ல, திரும்பக் கொண்டுபோகப்படும் என்பவை அடங்கிய பட்டியலில் பள்ளித் தலைமையின் கையொப்பம் வாங்குங்கள். மாநாட்டு ஏற்பாட்டாளர்களிடமிருந்தும் இப்பொருள்களைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கேளுங்கள். மண் ஒரு துகளும் இருக்கக் கூடாது. விலைமதிப்புள்ள பெரிய தொகுதியாக இருந்தால், கண்காட்சிப் பொருள்களைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வழிசெய்யும் 'ஏடிஏ கார்னே' என்ற சுங்க ஆவணம் உண்டு. பொதுவாக ஓராண்டு செல்லும். ஒரு சிறு பெட்டிக்கு அது மிகையான செலவு. இன்னும் எளிய வழி, எதையும் கொண்டுபோகாமலிருப்பது. அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் தன் சேகரிப்புகளின் படங்களோடு முப்பரிமாண வடிவங்களையும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அப்படிப்பட்ட கோப்பை எடுத்துச் சென்று போன இடத்திலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். நெகிழியின் பளபளப்பு தெரியத்தான் செய்யும். அது நகல் என்று பார்த்தவுடன் தெரிவது ஒரு குறை அல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று இரவு விடுதியில் இன்னொரு கடிதம் காத்திருந்தது. முன்கூட்டி அனுப்பிய என் படக்காட்சியில் மாணவர்களின் முகங்கள் தெரிவதால், பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் இருந்தால் காட்டலாம், இல்லையேல் நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பெற்றோர்கள் வாய்மொழியாக மகிழ்ச்சியோடு சம்மதித்திருந்தார்கள், எழுதி வாங்கவில்லை. 31 படங்களில் 14ஐ நள்ளிரவில் நீக்கினேன். இன்னொரு படத்தில், மாணவர்கள் மேற்பரப்பில் ஓடுகளைப் பார்த்த மேடு ஒன்றின் வரைபடம் துல்லியமான இடக்குறிப்போடு இருந்தது. காவலில்லாத ஓர் இடத்தின் முகவரியை நூற்றுக்கணக்கானோர் படம் எடுக்கும் திரையில் காட்டுவது புதையல் தேடுபவருக்கு வழி சொல்வதாகும் என்று அதே கடிதத்தில் மிகவும் பணிவாகச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அதையும் நீக்கினேன். பள்ளி ஆண்டின் தொடக்கத்திலேயே ஒப்புதல் படிவம் வாங்கிவிடுங்கள். மாணவர்களின் கைகள், வரைபடங்கள், குறிப்பேடுகள் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்தால் முகம் தேவைப்படுவதே இல்லை.

மறுநாள் என் அமர்வு. 15 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கேள்வி என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் நேரம் கடந்ததால் எனக்குக் கிடைத்தது 11 நிமிடம். அதில் 5 நிமிடத்தை, தொல்லியல் ஏன் முக்கியம் என்று, அதற்காகவே வாழ்க்கையைச் செலவிட்டவர்கள் நிறைந்த அரங்கில் விளக்கிக்கொண்டிருந்தேன். ஓடுகளும் இல்லை, பாதிப் படங்களும் இல்லை. ஆகவே மீதி நேரத்தை எங்கள் மாதிரி அகழாய்வுக்குக் கொடுத்தேன். மணல் நிரப்பிய பெரிய தொட்டி, அதற்குள் புதைத்த மணிகளும் காசுகளும் ஓடுகளும், மாணவர்கள் தூரிகையோடு தோண்டும்போது எழும் கூச்சல், எதையாவது எடுத்தவுடன் கையை உயர்த்தி ஆடும் ஆட்டம். "எங்கள் மன்றத்தில் சேர இடமில்லாமல் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்" என்று முடித்தேன்.

முதல் வரிசையில் இருந்த வயதான பெண்மணி ஒருவர் எழுந்தார். பல ஆண்டுகள் அருங்காட்சியகக் கல்விப் பிரிவில் பணியாற்றியவர் என்று பின்னர் அறிந்தேன். குரலில் கடுமை சிறிதும் இல்லாமல் அவர் கேட்டது இவ்வளவுதான்: "அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, பள்ளிக்கு வெளியே அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?" எனக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வந்தது. எங்கள் மன்றத்து மாணவன் ஒருவன், அந்த மேட்டில் தானாகவே ஒரு குழி தோண்டி, கிடைத்த ஏழு மணிகளைத் தீப்பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தான். நான் அவனை வகுப்பின் முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொன்னேன். எந்த ஆழத்தில், எதன் அருகில் என்று அன்று அவனிடம் கேட்கத் தோன்றவில்லை. தோண்டியது தவறு என்றும் சொல்லவில்லை. அந்த மேடையில் நின்றபோதுதான், மணல்தொட்டியில் நான் கற்பித்ததை அவன் அப்படியே செய்திருக்கிறான் என்பது விளங்கியது. தோண்டினால் பரிசு கிடைக்கும் என்பதைத்தான் அந்தத் தொட்டி கற்பித்திருக்கிறது. "பின்தொடர்ந்து பதிவு செய்யவில்லை" என்று மழுப்பிவிட்டு இறங்கினேன். நேரம் முடிந்ததாக மணி அடித்தது எனக்கு அன்று உதவியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இடைவேளையில் அவரைத் தேடிப் போய் அந்த மாணவனைப் பற்றிச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை; இதே கதையைப் பலரிடம் கேட்டிருப்பதாகச் சொல்லி, ஒரு மணி நேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஆன செலவு முழுவதற்கும் ஈடு என்று சொல்லத்தக்கது அந்த ஒரு மணி நேரம். மாதிரி அகழாய்வை விட வேண்டியதில்லை, அதன் அளவுகளை மாற்ற வேண்டும் என்றார். ஒரு பங்கு நேரம் தோண்டினால் மூன்று பங்கு நேரம் அளப்பதற்கும் வரைவதற்கும் எழுதுவதற்கும். எந்தப் பொருளையும் அதன் இடத்தைக் கட்டத்தாளில் குறிக்கும் முன் தூக்கக் கூடாது. காசுகளும் மணிகளும் வேண்டாம். மண்ணின் நிறமாற்றம், கம்பம் நட்ட குழியின் தடம், கரித்துண்டு ஆகியவற்றை வைக்கலாம், ஏனெனில் உண்மையான அகழாய்வில் பல நாள்கள் கண்ணுக்குக் கிடைப்பவை அவைதான். தொட்டியின் ஒரு பகுதியைத் தோண்டாமலே விட்டுவிட வேண்டும். நாளை இன்னும் நல்ல கருவிகளோடு வருபவர்களுக்காக ஓர் இடத்தின் பகுதியைச் சாட்சியாக விட்டுவைக்கும்படி, 1956இல் புதுடெல்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாடு அகழாய்வுகள் பற்றி நிறைவேற்றிய பரிந்துரையே சொல்கிறது. அகழாய்வுகளில் மாணவர்கள் பங்கேற்பதும் விளக்கத்தோடு கூடிய சுற்றுலாவும் கண்காட்சியும் சொற்பொழிவும் மக்கள் கல்வியின் பகுதி என்று சொல்வதும் அதே ஆவணம்தான். அகழ்வதென்பது திரும்பச் செய்ய முடியாத செயல், ஒரு பக்கத்தைப் படித்தவுடன் அதைக் கிழித்துவிடுவது போன்றது என்பதைப் பிள்ளைகள் விரலால் உணர வேண்டும் என்றார் அவர்.

பயன் விளைந்ததா என்று எப்படி அறிவது எனக் கேட்டதற்கு, படம் வரையச் சொல்லுங்கள் என்றார். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 குழந்தைகளை ஓர் அறிவியலாளரை வரையச் சொல்லி 1983இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றில் பெண் அறிவியலாளர் இருந்த படங்கள் 28 மட்டுமே, அனைத்தும் சிறுமிகள் வரைந்தவை. அதே முறையில் 'ஒரு தொல்லியலாளர் வேலை செய்கிறார்' என்று பாடத்துக்கு முன்பும், சில வாரங்கள் கழித்தும் வரையச் சொன்னால் போதும். புதையல் பெட்டியும் டைனோசரும் குறைந்து, அளவுநாடாவும் குறிப்பேடும் சல்லடையும் படத்துக்குள் வருகின்றனவா என்று எண்ணிப் பார்க்கலாம். செலவில்லாதது, முகங்கள் தேவைப்படாதது, அடுத்த மாநாட்டில் அப்படியே காட்டக்கூடியது. இத்துறை மாநாடுகளுக்கு எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், வந்தவர்களிடம் என்ன மாறியது என்பதற்கு ஒரு சிறு சான்றாவது வைத்துக்கொண்டு புறப்படுங்கள் என்பதுதான். அங்கே நல்லெண்ணத்தை யாரும் ஐயப்படுவதில்லை. அதன் விளைவைத்தான் கேட்கிறார்கள்.

மற்ற நாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே நேரத்தில் ஐந்து அறைகளில் அமர்வுகள் நடந்ததால், முதல் நாள் அறைக்கு அறை ஓடி எதையும் முழுதாகக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் முதல் ஓர் அறையிலேயே அமர்ந்தேன். பார்வையற்றவர்கள் தொட்டறியும்படி பானைகளை எடுத்துக்காட்டும் செய்முறைப் பட்டறை ஒன்றுக்கு முன்பதிவு தேவை என்பதை அறியாமல் இடத்தை இழந்தேன். முதன்முறை செல்பவர் வாசிப்புக்குப் பதில் சுவரொட்டிக் காட்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு சுவரொட்டியின் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றவர்களுக்கு என் 11 நிமிடங்களைவிடப் பல மடங்கு உரையாடல் கிடைத்தது. 841க்கு 1189 மில்லிமீட்டர் அளவில் துணியில் அச்சிட்டால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், சுங்கத்திலும் கேள்வி எழாது.

திரும்பும் நாளில் சுங்க அலுவலகத்துக்குப் போனேன். ஓடுகள் புதியவை என்று வல்லுநர் எழுதித் தந்திருந்தார். கிடங்குக் கட்டணமும் மண்ணைக் கழுவித் தூய்மை செய்த கட்டணமும் கட்டிய பிறகு பெட்டியைக் கொடுத்தார்கள். 23 ஓடுகளில் 4 உடைந்திருந்தன.

பள்ளி திறந்த முதல் வாரம் அந்த மாணவனை அழைத்து, அன்று கைதட்டச் சொன்னது என் தவறு என்று சொன்னேன். அவனுக்கு முதலில் அழுகை வந்தது. குற்றம் அவனுடையது அல்ல என்று புரியவைக்க நேரமாயிற்று. அவனோடு அந்த மேட்டுக்குச் சென்று, எதையும் தொடாமல் குழியின் இடத்தைப் படமெடுத்து அளந்து, தொல்லியல் துறைக்குத் தகவல் எழுதி, மணிகளை ஒப்படைத்தோம். ஒப்படைக்கும் முன் அவனே ஒரு பதிவு அட்டை எழுதினான். நிறம், அளவு, துளையின் வடிவம், கண்டெடுத்த நாள் என்று ஒவ்வொரு கட்டத்தையும் பொறுமையாக நிரப்பிக்கொண்டே வந்தவன், 'கிடைத்த ஆழம்' என்ற கட்டத்தில் நெடுநேரம் நிறுத்திவிட்டு, 'குறித்து வைக்கவில்லை' என்று எழுதினான்.